உலையை எந்தத் தெருவில் வைப்பது?

அணு உலைகளின் வரலாறு என்று புத்தகங்களைப் புரட்டினால் பெரும்பாலும் இயற்பியல்தான் வருகிறது. யார் அணுவைப் பிளந்தார், யார் கணக்குப் போட்டார், எந்த நாளில் தொடர்வினை ஓடியது என்று. எனக்கு ரொம்ப நாளாக இருப்பது வேறொரு சின்னக் கேள்வி. அதை எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்தது யார்? பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

மின்நிலையம் என்றால் ஊருக்கு வெளியே, கடலோரம் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. பல்கலைக்கழக ஆராய்ச்சி உலைக்கு அந்த வசதி கிடையாது. மாணவர்களும் ஆசிரியர்களும் நடந்து போய்ச் சேரும் தூரத்தில் இருந்தால்தான் அதற்குப் பயன். உலைக்குள் வைத்து எடுத்த மாங்கனீசு-56 சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நூறு மைல் தள்ளி உலையை வைத்துவிட்டு, மாதிரியை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதற்குள் அளக்க வேண்டியதில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். ஆக, பல்கலைக்கழகத்துக்குக் கிட்டத்தில் வேண்டும், அக்கம்பக்கத்தவருக்கு எட்டத்தில் வேண்டும். இந்த இழுபறியை மூன்று ஊர்கள் மூன்று விதமாகத் தீர்த்துக்கொண்டன. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சிகாகோ, 1942: யாரையும் கேட்கவில்லை

முதல் உலை பல்கலைக்கழக வளாகத்துக்குள் வந்தது ஒரு திட்டத்தின்படி அல்ல. திட்டம் கெட்டுப்போனதால்.

1942 ஜனவரியில் ஆர்தர் காம்ப்டன், அங்கங்கே சிதறிக் கிடந்த அமெரிக்க அணு ஆய்வுகளை சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒன்றாகக் குவிப்பது என்று முடிவு செய்தார். கொலம்பியாவிலிருந்து என்ரிகோ ஃபெர்மியும் அங்கே வந்து சேர்ந்தார். உலையை மட்டும் நகரத்தில் கட்டுவதாக இல்லை. நகரிலிருந்து இருபது மைலுக்கும் மேல் தென்மேற்கே ஆர்கான் காடு என்று ஒரு இடம். அங்கே கட்டடம் எழுப்பும் வேலையை ஸ்டோன் அண்ட் வெப்ஸ்டர் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். அக்டோபர் பிற்பகுதிக்குள் முடிய வேண்டிய கட்டடம் தொழிலாளர் தகராறில் நின்றுபோனது.

கிராஃபைட் வந்து இறங்கிவிட்டது, யுரேனியமும் வந்துகொண்டிருக்கிறது, வைக்கத்தான் இடமில்லை. ஜெர்மனி முந்திவிடுமோ என்ற பயம் வேறு. நவம்பர் தொடக்கத்தில் ஃபெர்மி காம்ப்டனிடம் போய், வளாகத்திலேயே கட்டிவிடலாம், ஆபத்தில்லாமல் நடத்த என்னால் முடியும் என்றார்.

அவர் மனதில் இருந்த இடம் ஸ்டாக் ஃபீல்ட் மைதானம். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் 1939 கடைசியில் கால்பந்து அணியையே கலைத்துவிட்டிருந்ததால் மைதானத்தின் மேற்குப் படிவரிசைக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அதற்கு அடியில் ஸ்குவாஷ் ஆடும் கூடம் ஒன்று: சுமார் 60 அடி நீளம், 30 அடி அகலம், 26 அடி உயரம். வெளியே எல்லிஸ் அவென்யூ, அதைச் சுற்றி அன்றைக்கு சுமார் 34 லட்சம் பேர் வாழ்ந்த நகரம்.

காம்ப்டன் சரி என்றார். ஹட்சின்ஸிடம் சொல்லவில்லை. இதை அவர் மறைக்கவும் இல்லை. பின்னாளில் தன் நினைவுநூலில் காரணத்தையும் எழுதி வைத்தார். ஹட்சின்ஸ் சட்டம் படித்தவர், இந்த இயற்பியல் ஆபத்தை எடைபோட அவரால் ஆகாது. கேட்டால் அவர் சொல்லக்கூடிய ஒரே பதில் 'கூடாது', அந்தப் பதில் தவறாக இருக்கும். அதனால் கேட்காமலே பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டதாகச் சொல்கிறார். நவம்பர் 14 அன்று வாஷிங்டன் குழுவில் விஷயத்தைச் சொன்னபோது ஜேம்ஸ் கோனன்ட்டின் முகம் வெளுத்துப் போனதாகவும் அதே நூலில் இருக்கிறது.

இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஒரு நெருடல். "கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை" என்பதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அப்படியே விட்டிருப்போமா?

காம்ப்டன் பக்க நியாயத்தையும் பார்த்துவிடுவோம். கண்ணை மூடிக்கொண்டு அவர் குதிக்கவில்லை. அணு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்களில் பெரும்பாலானவை உடனே வந்துவிடும். சுமார் 0.65 விழுக்காடு மட்டும் சில நொடிகள் தாமதித்து வரும். 1939-இலேயே இது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நியூட்ரான் பெருக்கம் அந்தச் சின்ன விழுக்காட்டுக்குள் நிற்கும்வரை உலையின் வேகம் அந்தத் தாமத நியூட்ரான்களுக்காகக் காத்திருந்தே ஏறும். கண்ணிமைக்கும் நேரத்தில் பாயாது, ஆள் நின்று பார்த்துக் கட்டுப்பாட்டுத் தண்டை உள்ளே தள்ள அவகாசம் கிடைக்கும். ஊருக்கு நடுவே உலையை வைக்கலாம் என்ற துணிச்சலுக்கு அடிப்படையே இதுதான்.

நவம்பர் 16 முதல் இரண்டு ஷிப்டு வேலை. பகலில் வால்டர் ஜின், இரவில் ஹெர்பர்ட் ஆண்டர்சன். ராணுவ அழைப்புக்குக் காத்திருந்த உள்ளூர்ப் பையன்கள் கிராஃபைட் கட்டிகளைச் சுமந்தார்கள். கூடத்தில் கணப்பு வசதி இல்லை. காவலுக்கு நின்றவர்கள், பழைய கால்பந்துக் காலத்திலிருந்து கிடந்த ரக்கூன் தோல் கோட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டார்களாம். ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் நியூட்ரான் அளவை எடுத்துக் கணக்குப் போட்டதால் எந்த அடுக்கில் தொடர்வினை பிடிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. டிசம்பர் 1 இரவு 57-ஆவது அடுக்கு முடிந்தது. ஆண்டர்சன் நினைத்திருந்தால் அந்த இரவே தண்டை இழுத்துப் பார்த்திருக்கலாம். பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தார்.

மறுநாள் பிற்பகல் 3:25-க்கு உலை ஓடியது. வெறும் அரை வாட், 28 நிமிடம். கதிர்வீச்சைத் தடுக்கும் சுவர் இல்லை, குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. அவசரத்துக்குக் கயிற்றை வெட்டக் கோடாலியோடு ஒருவர், உலையின் மேல் காட்மியக் கரைசலை ஊற்றத் தயாராக மூன்று பேர். பத்து நாள் கழித்து 200 வாட் வரை ஏற்றினார்கள். மேலே போகத் துணியவில்லை. கதிர்வீச்சு கூடத்துக்கு உள்ளே இருப்பவர்களோடு நிற்காது, வெளியே தெருவில் நடப்பவர்களையும் தொடும். 1943 பிப்ரவரியில் உலையைப் பிரித்து, முதலில் போவதாக இருந்த ஆர்கானுக்கே கொண்டுபோனார்கள். மார்ச்சில் அது அங்கே சிபி-2 என்ற பெயரில் ஓடியது.

ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. கணக்கு சரியாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர்களைத் தவிர வேறு யாரும் அதைச் சரிபார்க்கவில்லை என்பதும் உண்மைதானே.

ராலே, 1953: தூரத்துக்கு ஒரு சூத்திரம்

போர் முடிந்த பிறகு இந்த மாதிரி தனிமனிதர் பொறுப்பில் விடமுடியாது என்று அமெரிக்க அணுசக்தி ஆணையத்துக்குப் புரிந்தது. எட்வர்ட் டெல்லர் தலைமையில் உலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை வைத்தார்கள். 1950 வாக்கில் ஒரு விதி வந்தது. உலையின் வெப்பத் திறனைக் கிலோவாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் வர்க்கமூலத்தை 0.01-ஆல் பெருக்குங்கள். வருவது மைல் கணக்கு. உலையைச் சுற்றி அவ்வளவு தூரத்துக்கு வெளியார் குடியிருக்கக் கூடாது.

போட்டுப் பார்ப்போம். 10 கிலோவாட் உலைக்கு வர்க்கமூலம் 3.16, அதாவது 0.03 மைலுக்குக் கொஞ்சம் மேலே. சுமார் 50 மீட்டர். ஒரு கல்லூரிக் கட்டடமும் அதன் முன்புறப் புல்தரையும் போதும். 1,000 கிலோவாட் என்றால் அரை கிலோமீட்டர். 5,000 என்றால் 1.1 கிலோமீட்டருக்கு மேல். திறன் ஏற ஏற வளாகம் போதாமல் போகிறது.

வட கரோலினா மாநிலக் கல்லூரி இந்தக் கணக்கின் கீழ்முனையில் புகுந்தது. ஓக் ரிட்ஜிலிருந்து வந்த கிளிஃபோர்ட் பெக் அங்கே இயற்பியல் துறைத் தலைவர். ராலே நகரில், வளாகத்துக்குள்ளேயே 10 கிலோவாட் அளவுக்கு வடிவமைத்த உலை ஒன்றை அவர் கேட்டு வாங்கினார். 1953 செப்டம்பர் 5 அன்று அது ஓடத் தொடங்கியது. பல்கலைக்கழகம் ஒன்று தானே கட்டித் தானே நடத்திய முதல் உலை அதுதான். ஐசனோவர் ஐ.நா. சபையில் 'அமைதிக்கு அணு' உரை நிகழ்த்தியதுகூட அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான்.

பெக் சூத்திரத்தை மட்டும் நம்பவில்லை. எரிபொருளே தண்ணீரில் கரைந்த யுரேனியம். சூடு ஏறினால் கரைசல் விரியும், குமிழி கிளம்பும், அடர்த்தி குறையும், தொடர்வினை தானாகத் தளரும். சுற்றிலும் கனமான கான்கிரீட். அதைவிட முக்கியம், கதவைத் திறந்து வைத்தார். அதுவரை உலை என்றால் வேலி, காவல், ரகசியம். இங்கே பொதுமக்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். சிகாகோவில் தலைவருக்கே சொல்லாமல் செய்த காரியத்தை, பதினோரு வருஷத்தில் ஊரைக் கூப்பிட்டுக் காட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த முதல் உலை போய்விட்டாலும், அதே வளாகத்தில் 1972 முதல் 1 மெகாவாட் உலை ஒன்று ஓடுகிறது.

தூரம் போதாத இடத்தில் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டார்கள். 1958-இல் எம்.ஐ.டி. தன் 1 மெகாவாட் உலையை கேம்பிரிட்ஜில் ஆல்பனி தெருவோரம், ரயில் பாதை பக்கத்தில் வைத்தது. சூத்திரம் கேட்கும் அரை கிலோமீட்டர் காலி நிலம் அந்த நெரிசலில் எங்கே கிடைக்கும்? உலையைச் சுற்றிக் காற்றுப் புகாத எஃகுக் கூண்டு கட்டினார்கள். தூரம் செய்ய வேண்டிய வேலையைச் சுவர் செய்தது. அதன் பிறகு நகரத்துக்குள் உலை வைப்பதற்கு எல்லாரும் சொல்லும் நியாயம் இதுதான்.

இயற்பியலும் பொறியியலும் இங்கே தங்கள் பங்கை முடித்துவிட்டன. பாக்கி இருந்தது பக்கத்து வீட்டுக்காரர்.

கான்சாய், 1957: எல்லாரும் வேண்டாம் என்றார்கள்

ஜப்பானின் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பயன்படுத்த ஒரு ஆராய்ச்சி உலை வேண்டும் என்று கியோட்டோ, ஒசாகா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1950-களின் நடுவில் முடிவு செய்தார்கள். அவர்களின் தவிப்பு புரிந்துகொள்ளக் கூடியது. போர் முடிந்ததும் 1945-இல் அமெரிக்கப் படை கியோட்டோவின் சைக்ளோட்ரானை உடைத்துப் போட்டது. பத்து வருஷம் பின்தங்கிவிட்டோம் என்ற வேதனை அவர்களுக்கு.

1957 தொடக்கத்தில் அவர்கள் கை காட்டிய முதல் இடம் உஜி. அங்கே பழைய ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் கியோட்டோ பல்கலைக்கழகத்துக்கு ஏற்கனவே ஒரு வளாகம் இருந்தது. கியோட்டோவுக்கும் பக்கம், ஒசாகாவுக்கும் தூரமில்லை. காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

ஆனால் உஜி என்றால் ஜப்பானில் தேயிலை. நூற்றாண்டுகளாகப் பேர்போன தேயிலை. அது மட்டுமில்லை. உஜி ஆறு கீழே போய் யோதோ ஆறாகிறது. ஒசாகாவின் குழாய்த் தண்ணீர் யோதோவிலிருந்துதான் வருகிறது. தேயிலை விவசாயிகள் எதிர்த்தார்கள். ஒசாகா நகரமும் மாகாணமும் எதிர்த்தன.

இதை வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால்தான், 1954 மார்ச் 1 அன்று, பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் விழுந்தது. 23 பேர் பாதிக்கப்பட்டார்கள், செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நாடு முழுக்க சூரை மீனை அளந்து அளந்து புதைத்தார்கள். ஒசாகா சந்தைக்கு வந்த மீனைக் கருவி வைத்து அளந்தவர் அந்த ஊர்ப் பல்கலைக்கழக விஞ்ஞானி யாசுஷி நிஷிவாக்கி. கதிரியக்கம் சாப்பாட்டின் வழியாக வரும் என்பது ஒசாகாக்காரருக்குப் பாடப்புத்தகச் செய்தி இல்லை. மீன் கடையில் பார்த்த விஷயம். தண்ணீர் வழியாகவும் வரலாம் என்று அவர் யோசித்ததில் என்ன தப்பு?

உஜி கைவிடப்பட்டது. அடுத்து தகாட்சுகி நகரின் அபுயாமா. அங்கே கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க ஆய்வகம் இருந்தது. இந்தத் தடவை பக்கத்து ஊரான இபராகி கிளம்பியது. அந்த அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தது. சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள். விண்ட்ஸ்கேல் புளூட்டோனியம் தயாரிக்கும் ராட்சச உலை, நாங்கள் கேட்பது சின்ன நீர்த்தொட்டி உலை என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அந்த வித்தியாசம் சரியானதே. ஆனால் "உங்கள் உலையில் விபத்தே வராது என்று எழுதிக் கொடுப்பீர்களா?" என்பதற்கு நேர்மையான விஞ்ஞானி யாரும் ஆம் சொல்ல முடியாது. விஞ்ஞானிகளுக்குள்ளேயே ரெண்டு பட்டார்கள். சிலர் ஊர்க்காரர் பக்கம் போய் நின்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள்.

அபுயாமாவும் போனது. பிறகு ஒசாகாவுக்குக் கிழக்கே மலையடிவாரத்துக் கத்தானோ. அதுவும் நடக்கவில்லை. பிறகு ஷிஜோனாவதே. அதுவும் இல்லை. ஐந்தாவதாகத்தான் ஒசாகா மாகாணத்தின் தெற்குக் கோடியில் குமத்தோரி என்ற சிற்றூர். அங்கேயும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே ஓடும் நீர் யோதோவில் கலக்காது, நேராக ஒசாகா விரிகுடாவுக்குப் போய்விடும். பெருநகரத்தின் குடிநீர் பற்றிய கேள்வி அதோடு அடங்கியது. 1963-இல் ஆய்வு நிறுவனம் பிறந்தது. 1964 ஜூன் 25 அன்று உலை ஓடியது. முதலில் 1 மெகாவாட், 1968-இல் 5 மெகாவாட்.

கணக்குப் பார்த்தால் இடம் தேடவும் கட்டவும் ஏழு வருஷத்துக்கு மேல். சிகாகோவில் ஃபெர்மி கேட்டதிலிருந்து உலை ஓடியது வரை ஒரு மாதம்கூட ஆகவில்லை. உலை வளாகத்துக்கு வரவில்லை, உலையைத் தேடி ஒரு புது வளாகமே குமத்தோரிக்குப் போனது. கியோட்டோவில் இருக்கும் மாணவர் ஒசாகா நகரத்தையே தாண்டிப் போக வேண்டும். முதலில் சொன்ன "நடந்து போகும் தூரம்" என்ற கனவு அதோடு சரி.

அப்படியானால் எது சரி?

கேட்டதால் நல்லது நடந்தது என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. உஜிக்குப் புகழ் இருந்தது, அதன் பின்னால் ஒசாகா மாநகரம் நின்றது. உலை கடைசியில் போய்ச் சேர்ந்தது சத்தம் குறைவாகப் போடக்கூடிய ஊருக்கு. நீரோட்டம் ஒரு நியாயமான காரணம்தான். அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. சம்மதம் கேட்பது என்று ஆரம்பித்தால் எதிர்க்கும் பலம் குறைந்தவனைத் தேடிப் போவதில் முடியும் அபாயம் எப்போதும் உண்டு.

கட்டிய பிறகு கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. ஃபெர்மி சிகாகோவுக்குக் கிளம்பி வந்தாரே, அதே கொலம்பியா. நியூயார்க் மன்ஹாட்டனில், வளாகத்துக்குள் 1960-களில் ஒரு சின்ன டிரிகா உலையைக் கட்டி முடித்தார்கள். அக்கம்பக்கத்தவரும் மாணவர்களும் எதிர்த்தார்கள், உரிமத்துக்காகப் பல வருஷம் வழக்கு நடந்தது. பல்கலைக்கழகம் வழக்கில் தோற்கவில்லை. ஆனால் 1979-இல் த்ரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்ததும், தலைவர் வில்லியம் மெக்கில் இதை இயக்கப் போவதில்லை என்று அறிவித்தார். உலை ஒரு நாள்கூட ஓடவில்லை.

குமத்தோரிக்கே திரும்புவோம். அந்த உலையின் நியூட்ரான் கற்றையை வைத்து நூற்றுக்கணக்கான புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்திருக்கிறது. அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ஆறு ஆய்வாளர்கள், ஹிரோஆகி கொய்தே, தெட்சுஜி இமனாகா போன்றவர்கள், ஜப்பானின் அணுமின் திட்டத்தை வெளிப்படையாக விமர்சித்தார்கள். இகதா அணுமின் நிலையத்துக்கு எதிராக ஊர்மக்கள் போட்ட வழக்கில் அவர்களுக்குத் துணையாக நின்றார்கள். 'குமத்தோரி அறுவர்' என்றே அவர்களுக்குப் பேர். கொய்தே 2015-இல் ஓய்வு பெறும்வரை உதவி ஆய்வாளர் நிலையிலேயே இருந்தார். 2011 ஃபுகுஷிமாவுக்குப் பிறகு நாடே அவரைத் தேடிப்போய்க் கேட்டது.

அவர்களை அந்த எதிர்ப்புப் போராட்டம்தான் உருவாக்கியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஐந்து ஊர்களில் கேள்வி கேட்கப்பட்டுப் பிறந்த ஒரு உலைக்குள்ளிருந்தே கேள்வி கேட்பவர்களும் வந்தார்கள் என்பதைக் குறித்து வைக்கத் தோன்றியது. அந்த உலையை 2026 மே மாதத்தோடு நிறுத்திக்கொள்வதாகப் பல்கலைக்கழகம் 2022-இல் அறிவித்தது. தீர்ந்த எரிபொருளை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அதுவரை பயன்படுத்திய எரிபொருளுக்கு மட்டும்தான்.

ஸ்டாக் ஃபீல்ட் படிவரிசையை 1957-இல் இடித்துவிட்டார்கள். ஒசாகாவில் தண்ணீருக்காகச் சண்டை நடந்த அதே வருஷம். அந்த இடத்தில் இப்போது ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் நிற்கிறது, பக்கத்தில் பெரிய நூலகம். ஹட்சின்ஸ் உண்மையிலேயே 'கூடாது' என்று சொல்லியிருப்பாரா? எனக்கென்னவோ, காம்ப்டன் விளக்கியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்கவும் கூடும் என்று தோன்றுகிறது. நமக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.